முதல் சாட்சி

தண்டையார்பேட்டை
9 ஜனவரி 2024

இல்லை. கடைசி நாளிலும் அப்பா உன் பேரைச் சொல்லவில்லை.

படகுத்துறையிலிருந்து நீ போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. நல்லதுக்குத்தான். போனில் என்றால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

அண்ணனுக்கு ஸ்தோத்திரம். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். கச்சால் தீவில் மழை நின்றதா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நான், தாமஸ், ரூத் மூவருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. ரூத் இரண்டாம் வகுப்பு. உன்னை 'தீவு மாமா' என்கிறாள். பார்த்ததில்லை அல்லவா, அதனால் உன்னையும் ஒரு தீவு மாதிரி நினைத்திருக்கிறாள்.

டிசம்பர் மழையில் பின்பக்கச் சுவர் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. இப்போது அங்கே தார்ப்பாய். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் தெருமுனையில் திரும்பும்போது மீதிச் சுவரும் அதிர்கிறது. மறுபடி கட்ட மாநகராட்சி அனுமதி வேண்டும். வீடு யார் பேரில் என்று கேட்கிறார்கள். அப்பா போய் மூன்று மாதம். வீடு இன்னும் அவர் பேரில்.

பீரோவில் பத்திரங்களைத் தேடினேன். ஓர் உயில். டைப் செய்த இரண்டு தாள். தேதி 3 மே 2015. என் நிச்சயதார்த்த நாள். வீடு முழுவதும் எனக்கு. உன் பேர் ஒரு வரியிலும் இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம். தேடித் தேடிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாரிமுனையில் இலவச சட்ட உதவி மையம் ஒன்று. செவ்வாய்க்கிழமைகளில் உமைமா என்று ஒரு வக்கீல் வருகிறார். வண்ணாரப்பேட்டைக்காரர். "கிறிஸ்தவங்க உயிலுக்குக் கோர்ட்டு முத்திரை கட்டாயமில்ல. ஆனா பெத்த பையனை விட்டுட்டு எழுதின உயிலு. கோர்ட்ல ஒரு உத்தரவு வாங்கிட்டா நாளைக்கு எவனும் வாயைத் திறக்க முடியாது" என்றார்.

எவனும் என்றால் நீ.

உன் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். கேட்கக் கூசுகிறது. கேட்டுவிட்டேன்.

தங்கை
ஜெபசீலி


கச்சால்
2 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை சீலிக்கு அண்ணன் ஞானதுரை எழுதுவது. கடவுள் தயவில் இங்கே கடல் அமைதி. என் முழங்கால்தான் அமைதியில்லை. தார்ப்பாய்க்குப் பின்னால் குளிரில் குழந்தையைப் படுக்கவைக்காதே.

பள்ளியில் இந்த வருடம் பதினொரு பிள்ளைகள். போன வருடம் பத்தொன்பது. தமிழ் வழியில் படிக்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது. நேற்று ஒருவன் தேங்காய் நண்டைப் பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்தான். அதையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று வருகைப் பதிவில் எழுதலாமா என்று பார்த்தேன்.

உயில் அப்பாவுடையது. வருத்தப்பட ஒன்றுமில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் சொல்.

மாடி அறை எப்படி இருக்கிறது? ஜன்னலோரம் ஒழுகும். நான் அங்கே ஒரு வாளி வைப்பேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ரூத்துக்கு முத்தங்கள்.

அண்ணன்


தண்டையார்பேட்டை
20 பிப்ரவரி 2024

அண்ணனுக்கு,

உன் கடிதம் பதினாறு நாளில் வந்து சேர்ந்தது. நலமாகவே இருக்கிறோம். ரூத்துக்கு மட்டும் லேசான இருமல். மாடியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். 

உமைமா உயிலின் இரண்டாம் தாளைத் திருப்பினார். சாட்சிகள் இரண்டு பேர். ஒன்று தாமஸ். இரண்டு, அப்பாவின் கோணிக் கடைக்குப் பக்கத்துக் கடை இசக்கிப்பாண்டி மாமா.

"யாரு இந்த தாமஸ்?"

"எங்க வீட்டுக்காரர்."

பேனாவை மூடி வைத்தார். "வீடு யாருக்கு எழுதியிருக்கு?"

"எனக்கு."

"சாட்சி போட்டது உங்க புருஷன்."

"ஆமா."

"அப்போ வீடு உங்களுக்கு இல்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கிறிஸ்தவர் எழுதும் உயிலில், சொத்து யாருக்குப் போகிறதோ அவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் நிற்குமாம். அவருக்குக் கொடுத்தது மட்டும் விழுந்துவிடுமாம். விழுந்தது, அம்மாவும் இல்லாததால், பிள்ளைகளுக்குச் சரிபாதி. உனக்கும் எனக்கும்.

"இந்துவா இருந்தா இது தொடாது. எங்காளுங்களுக்கு வேற சட்டம். உங்களுக்குன்னே வெச்ச ஆப்பு இது. அவரைப் போய் யாரு கையெழுத்துப் போடச் சொன்னா?"

அப்பாதான். நம் ஆட்களை உனக்குத் தெரியும். எந்தக் காகிதமானாலும் முதல் கையெழுத்து மாப்பிள்ளைக்கு. கடைத் திறப்பு நோட்டீசில்கூட மாப்பிள்ளை பேர்தான் முதலில். மரியாதை. மரியாதை செய்தே என் வீட்டை அப்பா பிடுங்கியிருக்கிறார். காது அடைத்துப்போனது. உமைமாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

பிறகு அவரே, "இருங்க, கல்யாணம் எப்போ?" என்றார்.

"அதே வருஷம். மே இருபத்தொண்ணு. சர்ச்சுல."

விரல் விட்டு எண்ணினார். "பதினெட்டு நாள். கையெழுத்துப் போட்டப்போ அவரு உங்க புருஷன் இல்ல. வெறும் தாமஸ். தப்பிச்சீங்க, போங்க. டீ சொல்லவா?"

தப்பித்தோம், அண்ணா.

அவர் எழுதிக்கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் இதோடு இருக்கிறது. எனக்கு ஒன்று, தாமஸுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. மூன்றிலும் நாலாவது பத்தி ஒன்றுதான். உயில் எழுதிய நாளில் எனக்கும் தாமஸுக்கும் திருமணம் ஆகியிருக்கவில்லை என்று. கமோர்ட்டாவுக்குப் படகேறிப் போய் அதிகாரி முன்னால் கையெழுத்திட வேண்டும். உன் முழங்காலுக்குச் சிரமம். மன்னித்துக்கொள்.

சீலி


தண்டையார்பேட்டை
25 மார்ச் 2024

அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இரண்டு கப்பல் வந்துவிட்டது. உன் தபால் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல்.

இசக்கிப்பாண்டி மாமாவைப் பார்க்கப் போனேன். சாட்சி என்ற முறையில் அவரும் கோர்ட்டுக்கு எழுதித் தர வேண்டும். இப்போது எர்ணாவூரில் மகன் வீட்டில் இருக்கிறார். காது மந்தம். ஞாபகம் கூர்மை.

"நல்லா ஞாபகம் இருக்கும்மா. வெத்தல பாக்குத் தட்டு மாத்துன கையோட ஒங்கப்பா பேப்பர எடுத்தாரு. 'மாப்ள மொதல்ல போடட்டும், பொறவு நீரு போடும்வே'ன்னாரு. நான் கேட்டேன், 'ஏன்வே, தாலி கட்டட்டுமே, அதுக்குள்ள என்ன மாப்ள'ன்னு. 'இனி கட்டி என்ன, கட்டாட்டி என்ன'ன்னாரு. எப்பவும் சிரிச்சிக்கிட்டுல்லா சொல்லுவாரு. அன்னைக்கு மொகத்துல சிரிப்பே இல்ல."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பார் என்று பஸ்ஸில் வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மழைக்குள் சுவர் வைக்க வேண்டும். பத்திரத்தை அனுப்பிவிடு.

சீலி


கச்சால்
10 ஏப்ரல் 2024

சீலிக்கு,

நீயும் உன்னுடையவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. பத்திரம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நாலாவது பத்தியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

14 நவம்பர் 2014. வெள்ளிக்கிழமை. அப்பா உனக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். ராயபுரத்து மீனவப் பையன், அதுவும் நம் சபையில்லாத ஆர்.சி., அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நீ என்னிடம் வந்து அழுதாய். பதிவு செய்துவிட்டால் யாரும் பிரிக்க முடியாது என்றான் தாமஸ். அன்று பதிவு அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. நீ கல்லூரிக்குப் போகும் சுடிதாரில் இருந்தாய். மூன்று சாட்சி வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் தாமஸின் சிநேகிதர்கள். பெண் வீட்டார் முதலில் போடுங்கள் என்று அங்கிருந்த எழுத்தர் பேனாவை என்னிடம் நீட்டினார்.

சட்டத்துக்கு உன் கல்யாணம் அன்றைக்கே முடிந்துவிட்டது. உயிலுக்கு ஆறு மாதம் முன்னால்.

நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? அல்லது நீயே மறந்துவிட்டாயா? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

குழந்தையின் இருமல் விட்டதா?

அண்ணன்


தண்டையார்பேட்டை
30 ஏப்ரல் 2024

மறக்கவில்லை.

உன் உடல்நலம் கேட்டு ஆரம்பிக்கும் மனநிலையில் நான் இல்லை.

அந்தச் சான்றிதழ் என் எம்.ஏ. மார்க் ஷீட்டுக்குப் பின்னால் பத்து வருடமாக இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை. இருப்பது தெரியும். தாமஸின் சிநேகிதர்களில் ஒருவன் கடலில் போய்விட்டான். இன்னொருவன் துபாயில். அப்பா அது தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அவரைப் பொறுத்தவரை அவருடைய மகளுக்குச் சபையில், வெள்ளைப் புடவையில், போதகர் ஐயர் முன்னால், மே இருபத்தொன்றில்தான் கல்யாணம் ஆனது. அன்றைய சாட்சிகளில் மிச்சம் இருப்பது நீதான்.

நீ அந்தக் கல்யாணத்துக்கே வரவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனாய். முன்வரிசையில் உன் இடத்தில் யாரோ ஒரு அத்தை உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருடம் எட்டிப்பார்க்கவில்லை. அப்பாவுக்குக் கை விழுந்தபோது சோறு ஊட்டியது நான். படுக்கையில் புரட்டிப் போட்டது நான். அப்போதெல்லாம் வராத நீ, இப்போது சாட்சி சொல்ல வருகிறாயா?

பங்கு வேண்டுமென்றால் வேண்டும் என்று எழுது. தேதியைக் காட்டாதே.

ஜெபசீலி


தண்டையார்பேட்டை
21 மே 2024

அண்ணா,

மூன்று வாரமாகிறது. நீ ஒன்றும் எழுதவில்லை. இன்று சர்ச்சுக் கல்யாணத்தின் ஒன்பதாம் வருடம். தாமஸ் கல்மண்டபத்தில் கேக் வாங்கி வந்தார். ரூத் உன் பேருக்கும் ஒரு துண்டு வெட்டச் சொன்னாள். அதை நான்தான் தின்றேன்.

போன கடிதத்தில் சொன்ன எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுத வரவில்லை. சிலவற்றை.

சுகமாக இரு.

சீலி


கச்சால்
4 ஜூன் 2024

என் அன்புத் தங்கைக்கு,

இங்கே கடல் கொந்தளிப்பு. நான்கு நாளாகப் படகில்லை. அதனால் நிதானமாக எழுத முடிகிறது.

அப்பாவுக்குத் தெரியும்.

பதிவுத் திருமணத்துக்கு முன்னால் ஒரு மாதம் நோட்டீஸ் ஒட்டுவார்கள் அல்லவா? சபையில் யாரோ ஒருவர் ஏதோ பத்திரம் பதியப் போனவர் அதைப் பார்த்து, மனதில் வைத்திருந்து, ஆறு மாதம் கழித்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ஏப்ரல் மாதம். அப்பா பதிவு அலுவலகத்தில் நகல் எடுத்தார். அதை எடுத்துக்கொண்டு உன்னிடம் வரவில்லை. என்னைக் கோணிக் கடைக்கு வரச் சொன்னார். ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"ஏல, இது ஒன் கையெழுத்தா?"

"ஆமாப்பா."

"அவ சின்னப் புள்ள. நீ மூத்தவன். நீ தடுத்திருக்கணும்ல. நீ பேனாவ எடுத்திருக்க."

 அப்பாவே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். ஊரறியச் சபையில் கல்யாணம் நடத்தியாக வேண்டும். ஏற்கெனவே பதிவு ஆனது என்று தெரிந்தால் சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இவர்களுக்குள் தடையேதும் உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். "அந்த நேரம் நீ பெஞ்சில இருக்கக் கூடாது. ஒன் மூஞ்சி காட்டிக்குடுத்துரும். ஒனக்குப் பொய் வராது. அவ மணவறையில நிக்கணும்னா நீ இந்த ஊர்ல இருக்கக் கூடாது."

"எத்தன நாளைக்குப்பா?"

"நான் கண்ண மூடுற வரைக்கும். இது அவளுக்குத் தெரியவும் கூடாது." ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, "கையெழுத்துப் போட்ட கைக்கு என் வீட்ல ஒரு செங்கல் கெடையாது" என்றார்.

வேலை கிடைத்ததால் போனேன் என்று எழுதிவைத்தது பொய். எனக்கும் வந்தது பார். முதல் நான்கு மாதம் போர்ட் பிளேரில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை பிரித்தேன். உன் கல்யாணத்தன்று பருப்பு லோடு வந்தது. பத்தரை மணிக்கு மோதிரம் மாற்றியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து நின்றேன்.

அப்பா போன பிறகும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். செத்தவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். 'தெரியாமலே போய்ச் சேர்ந்தார்' என்று நீ எழுதிய வரியைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை.

இத்துடன் பத்திரம். கடல் கொந்தளிக்கும் முன்பே, போன மாதக் கடைசியில் கமோர்ட்டா போய்ப் போட்டுவிட்டேன். நாலாவது பத்தியையும் சேர்த்துத்தான். உனக்காக நான் போடும் இரண்டாவது கையெழுத்து. இது பொய் என்பது உனக்கும் எனக்கும் தாமஸுக்கும் மட்டும் தெரியும். கோர்ட்டில் கொடுத்தால் வீடு முழுவதும் உனக்கு வந்துவிடும். கொடு, கொடுக்காதே என்று நான் எதுவும் சொல்லமாட்டேன்.

ஜூன் 30-ஓடு எங்கள் தமிழ்ப் பிரிவை மூடுகிறார்கள். அதனால் ஜூலையிலிருந்து இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

ரூத்துக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

அண்ணன்


தண்டையார்பேட்டை
20 ஜூன் 2024

அண்ணா,

வாசித்தேன். நின்றபடி. பிறகு உட்கார்ந்து. பிறகு பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

தாமஸ் தான் ஓட்டும் துறைமுக டிரெய்லரை நிறுத்திவிட்டு வந்தார். "இன்னா சீலி, பேய் அறைஞ்ச மாதிரி நின்னுகினு கீற?"

கடிதத்தை நீட்டினேன். அவர் மெதுவாகத்தான் வாசிப்பார். பாதியில் நிறுத்தினார்.

"உங்கப்பாவுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.

"நிச்சயதார்த்தம் அன்னிக்குக் காலைல என்னைக் கூப்ட்டு அந்த நகலைக் காமிச்சாரு. 'இது எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியக் கூடாது, அவ மனசு ஒடஞ்சிரும், சத்தியம் பண்ணு'ன்னாரு. பண்ணேன். அப்பால அந்த உயில நீட்னாரு, போட்டேன். ஆனா மச்சான் மேட்டரு எனக்குத் தெரியாதும்மே. மெய்யாலுமே தெரியாது. நம்ம மேல கோவத்துல போய்ட்டார்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

ஆக, எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு, உனக்கு, தாமஸுக்கு. மூன்று ஆண்கள் சேர்ந்து என் மனசை உடையாமல் வைத்திருந்திருக்கிறீர்கள். நான் மட்டும் பத்து வருடம் மார்க் ஷீட்டுக்குப் பின்னால் ஒரு ரகசியத்தை வைத்துக் காவல் காத்திருக்கிறேன். யாரிடமிருந்து?

கையெழுத்துப் போட்ட கை என்றார் அப்பா. தாமஸ் கையும்தான் போட்டது. என் கையும்தான். என் கைக்கு வீடு. அன்று பதிவேட்டில் முதலில் போட்ட கைக்குப் பருப்பு மூட்டை.

கடைசி ஒரு வாரம் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாசம் என்று நினைத்தேன். இப்போது அந்தப் பார்வையை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாடியைப் பற்றி நீ நாலு மாதம் முன்பே கேட்டாய். வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதவில்லை. அதையும் எழுதிவிட்டேன்.

"இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார் தாமஸ். "கோர்ட்ல கல்யாண சர்ட்டிபிகேட்ட நீட்னா சபைல வாய்க்கு வந்தத பேசுவாங்கோ. பாதி வூடும் பூடும்."

தெரியும் என்றேன்.

"உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேறு எழுத வரவில்லை.

சீலி


தண்டையார்பேட்டை
2 ஜூலை 2024

அண்ணா,

இது போவதற்குள் நீ அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். போர்ட் பிளேர் தபால் நிலையத்துக்கு உன் பேர் போட்டு அனுப்புகிறேன். அங்கே விசாரிப்பாய் என்று நம்புகிறேன். நலமாக இரு. நாங்கள் நலம். தாமஸ் முன்பைவிடக் குறைவாகப் பேசுகிறார். ஆனாலும் இன்று கூடவே வந்தார்.

உமைமா மூன்று பத்திரங்களையும் கேட்டார். நான் அவற்றோடு 2014 சான்றிதழையும் மேசைமேல் வைத்தேன். வாசித்தார். தேதியில் விரல் வைத்து நிறுத்தினார். தாமஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏங்க இதைக் கொண்டாந்தீங்க? யாரும் கேக்கலியே."

"கேக்கல."

"இதை நான் பார்த்துட்டேன். இனிமே பாக்காத மாதிரி ஃபைல் பண்ண என்னால முடியாது. தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"பாதி வீடு போச்சு."

"போகல. அண்ணனோடதுதான் அது."

அவர் சான்றிதழை மடித்து வைத்தார். பிறகு தாமஸைப் பார்த்து, "நீங்க இனிமே எந்தப் பேப்பர்லயும் சாட்சி போடாதீங்க சார்" என்றார். தாமஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. பக்கத்து மேசையில் யாருக்கோ ஏதோ பாகப்பிரிவினை, அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இனி உயிலை வைத்து ஒன்றும் செய்ய வேண்டாமாம். இரண்டு பிள்ளைகள் என்று வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வீட்டை இருவர் பேருக்கும் மாற்றி, சுவருக்கு இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். இந்த மழைக்குள் ஆகாது. தார்ப்பாயை மாற்றிக் கட்டிக்கொள்கிறோம்.

உன் பத்திரத்தை மட்டும் அவரிடமிருந்து திரும்ப வாங்கிக் கிழித்தேன். தாமஸுடையதையும் என்னுடையதையும் அவரே கிழித்தார். பிறகு தண்டையார்பேட்டை இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று, ஞானதுரை, ஜெபசீலி என்று இரண்டு பேரையும் போட்டு விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

சீலி